ஸ்டிக்கர் ஒட்டிய விமானத்தில் ஏறலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் டிரெய்லர் லாரிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு மும்பைக்கு விமானத்தில் கிளம்பினேன். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு ‘டெக்னிக்கல் ஃபால்ட்’ என்று இரண்டரை மணி நேரம் தாமதம். ஏசி இல்லாமல் வெந்துபோனோம். கேட்டதற்கு, வால் பக்கம் இருக்கும் சின்ன இன்ஜின் ஓடவில்லை, அது இல்லாமலே போகலாம் என்றார்கள். ஒரு இன்ஜினியர் வந்து காக்பிட்டில் ஏதோ ஸ்டிக்கர் ஒட்டி, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார், விமானம் கிளம்பிவிட்டது. பழுது என்று தெரிந்த வண்டியை நான் பட்டறையை விட்டு வெளியே அனுப்ப மாட்டேன். இவர்கள் அனுப்புவது சரியா? விமானத்தில் உண்மையில் எது கெட்டுப்போய் விபத்து வருகிறது? இன்னொன்று, பிளஸ் டூ முடித்த என் மகள் விமானப் பராமரிப்பு படிக்க வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கோபம் நியாயமானது. அந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாராவது நிதானமாகச் சொல்லியிருந்தால் அதில் பாதி குறைந்திருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாலின் நுனியில் இருப்பது ஏ.பி.யூ. என்னும் சிறிய டர்பைன் இன்ஜின். விமானத்தை முன்னே தள்ளுவதில் அதற்குப் பங்கில்லை. தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசிக்கான காற்றும் அதிலிருந்து வருகின்றன. பெரிய இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யத் தேவையான அழுத்தக் காற்றும் அதிலிருந்துதான். அது ஓடாவிட்டால் தரை மின்சார வண்டியையும் அழுத்தக் காற்று வண்டியையும் வரவழைக்க வேண்டும். நின்ற இடத்திலேயே அந்தக் காற்றால் ஒரு இன்ஜினை ஸ்டார்ட் செய்வார்கள். பிறகு அந்த இன்ஜின் தரும் காற்றைக் கொண்டு அடுத்ததை ஸ்டார்ட் செய்வார்கள். வேறு ஏற்பாடு இல்லையென்றால் அதுவரை உள்ளே ஏசி இராது. மேலே போன பிறகு இரண்டு பெரிய இன்ஜின்களின் ஜெனரேட்டர்களே மின்சாரத்துக்குப் போதும்; ஏ.பி.யூ. அங்கே மாற்று ஏற்பாடு மட்டுமே. அந்த ஜெனரேட்டர்களில் ஒன்றும் சேர்ந்து கெட்டிருந்தால் அந்த விமானம் உங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்க முடியாது.

இதையெல்லாம் அந்த இன்ஜினியர் தன் மனம்போல முடிவு செய்யவில்லை. எம்.இ.எல். என்று ஒரு ஆவணம் உண்டு. எந்தப் பொருள் வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம், அப்போது வேறு எதெல்லாம் கட்டாயம் வேலை செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அடிப்படைப் பட்டியலை விமானத்தைத் தயாரித்தவர்களும் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பும் சேர்ந்து உருவாக்குவார்கள். அதைவிடக் கடுமையாகவோ அதே அளவிலோ விமான நிறுவனம் தன் பட்டியலை எழுதி, நம் நாட்டில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ‘பி’ வகைப் பழுது என்றால் 3 நாள், ‘சி’ என்றால் 10 நாள், ‘டி’ என்றால் 120 நாள்; கண்டுபிடித்த நாள் கணக்கில் வராது. ‘ஏ’ வகைக்கு அந்தந்தப் பொருளுக்கு நேராகவே கெடு எழுதியிருக்கும். நீங்கள் பார்த்த ஸ்டிக்கர், இது வேலை செய்யாது என்று விமானிக்குக் கண்முன் நிறுத்தும் அடையாளம். கையெழுத்து போட்ட புத்தகம் டெக் லாக், அதாவது அந்த விமானத்தின் பழுதுப் பதிவேடு. சொல்லப்பட்ட நடைமுறைகளைச் செய்து, கெடு தேதியை எழுதி, பெயரும் உரிம எண்ணும் போட்ட பிறகே விமானத்தை விடுவிக்கலாம்.

பட்டியல் முன்கூட்டியே இருப்பதால் என்ன நன்மை? நூற்றெண்பது பேர் உள்ளே புழுங்கிக்கொண்டிருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு, ‘இதை விடலாமா வேண்டாமா’ என்று ஒரு தனி மனிதரை முடிவெடுக்க வைக்கக் கூடாது. அவசரம் இல்லாத வேளையில், கணக்குப் போட்டு, பலர் சேர்ந்து எடுத்த முடிவு அது. எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: சரிதான். அந்த விமானத்தில் நானும் ஏறுவேன்.

ஆனால் இந்த முறைக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. அது ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவது. 2014 டிசம்பர் 28 அன்று சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய ஏர்ஏஷியா ஏ320 விமானம் ஜாவா கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். வாலில் உள்ள ரடர் என்னும் செங்குத்துத் திருப்புப் பலகை எவ்வளவு திரும்பலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் ஒரு சால்டர் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. விமானம் மேலே போய்க் குளிர்ந்து, கீழே வந்து சூடாகி, அந்த விரிசலால் தொடர்பு விட்டு விட்டு வந்தது. அதற்கு முந்தைய 12 மாதங்களில் இதே பழுது 23 முறை பதிவாகியிருந்ததாக இந்தோனேசிய விசாரணை சொன்னது. பெரும்பாலும் ரீசெட், ஒரு சோதனை, சரி என்று கையெழுத்து. கடைசி நாளில் எச்சரிக்கை மறுபடி மறுபடி வர, சர்க்யூட் பிரேக்கரை இழுத்து அதை நிறுத்தப் பார்த்தார்கள். தானியங்கிக் கட்டுப்பாடு விடுபட்டது. கையால் ஓட்டும்போது விமானம் தூக்கு விசையை இழந்தது. விமானிகளின் பங்கும் அதில் உண்டு. ஆனால் 23 பதிவுகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால், பெட்டி எப்போதோ கழற்றப்பட்டிருக்கும். ரீசெட் செய்ததும் எச்சரிக்கை அணைகிறது என்பதால் பழுது போய்விட்டது என்று கொள்ளக் கூடாது.

எது கெட்டுப்போய் விபத்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் இன்ஜின் என்று நினைப்பார்கள். இரண்டு இன்ஜின் விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்த நிலையில் ஒரு இன்ஜின் நின்றாலும், மிச்சம் ஒன்றை வைத்து மேலேறி இறங்க முடிய வேண்டும் என்பதே அதன் சான்றிதழுக்கான நிபந்தனை. பம்பு, குழாய், சென்சார் எல்லாவற்றுக்கும் மாற்று இருக்கும். மாற்று இல்லாத இடங்களும், எல்லா மாற்றுகளிலும் ஒரே கை ஒரே தவறைச் செய்த இடங்களும்தான் உயிரை வாங்கியிருக்கின்றன. உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கிரீஸ். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்.டி-83 ரக விமானம் கலிபோர்னியாவுக்கு அருகே கடலில் விழுந்தது. 88 பேர் இறந்தார்கள். வாலில் குறுக்காக இருக்கும் இறக்கையை மேலும் கீழும் சாய்ப்பது ஒரு நீளமான எஃகுத் திருகு. அது அலுமினிய வெண்கல நட்டுக்குள் சுழலும். திருகு கடினம், நட்டு மிருது. தேய வேண்டியது நட்டுதான், அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள். கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இதிலும் அதேதான் நடந்தது, ஆனால் ஓரங்கட்ட வானத்தில் இடமில்லை. 1980களில் சுமார் 700 பறக்கும் மணிக்கு ஒருமுறை என்றிருந்த கிரீஸ் வேலை, படிப்படியாகத் தள்ளிப்போய், 1996இல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்றானது. அந்த விமானங்கள் ஓடிய ஓட்டத்துக்கு எட்டு மாதம் என்பது ஏறக்குறைய 2,550 மணி நேரம். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் அனுமதி இருந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறிய மாற்றம். விபத்துக்குப் பின் கடலிலிருந்து எடுத்த திருகின் வேலை செய்யும் பகுதியில் பயன்படக்கூடிய கிரீஸே இல்லை. நட்டின் மரைகள் முழுவதும் அறுந்து, கம்பிச் சுருளாகத் திருகில் சுற்றிக் கிடந்தன.

1997இல் அதே விமானத்தில் அந்த நட்டின் ஆட்டத்தை அளந்திருக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட அதிகபட்சம் 0.040 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். முதல் அளவு சரியாக 0.040 வந்தது. நட்டை மாற்றும்படி எழுதியும் வைத்தார்கள். அடுத்து வந்தவர்கள் மறுபடி அளந்தபோது 0.033 வந்தது, மாற்ற வேண்டாம் என்று விமானம் வெளியே போனது. அப்போது அது விதிமீறல் இல்லை. ஆனால் எல்லையில் நிற்கும் பாகத்தை விடுவித்து, அடுத்த அளவையை இரண்டரை வருடம் கழித்து வைத்துக்கொள்ளும் நடைமுறை தவறு. எல்லையைத் தொட்ட பாகத்துக்கு அடுத்த அளவை சீக்கிரம் வர வேண்டும். உங்கள் பட்டறையிலும் இதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது போல்ட். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் பி.ஏ.சி. 1-11 விமானம் 17,000 அடியைத் தாண்டியபோது கேப்டனுக்கு முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. உடன் வந்த பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி தரையிறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். பறப்பதற்குச் சுமார் 27 மணி நேரத்துக்கு முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மீதி 6 நீளத்தில் குறைவு. ஷிஃப்ட்டில் ஆள் குறைவு என்பதால் மேலாளரே வேலையைக் கையிலெடுத்தார். பாகப் பட்டியலைத் திறந்து எண்ணைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டைப் புதியதோடு பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டார். ஸ்டோரில் இருந்தவர் சரியான எண்ணைச் சொல்லியும் இருந்தார். கழற்றிய போல்ட்டுகளில் பெரும்பாலானவையே தவறான நீளம்; பல வருடம் அவை தாங்கியதால் அவை சரியானவை ஆகிவிடவில்லை. கண்ணாடியை வெளியிலிருந்து பொருத்துவதால் உள்ளழுத்தம் முழுவதும் அந்த போல்ட்டுகள் மீதே விழும். இவ்வளவும் இருந்தும் அந்த வேலைக்கு இரண்டாம் ஆள் பார்க்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லை.

இதற்காகத்தான் விமான போல்ட்டை எண்ணைச் சொல்லி வாங்குகிறோம். அளவைக் காட்டி வாங்குவதில்லை. மண்ணடியில் ஹார்டுவேர் கடையில் நல்ல ஹை-டென்சில் போல்ட்டே கிடைக்கலாம். ஆனால் எந்த உருக்கு, எந்த வெப்பப் பதம், எந்த ஆலை, யார் சோதித்தது என்ற தாள் கூடவே வராவிட்டால் அதை விமானத்தில் பூட்ட முடியாது. 1989 செப்டம்பர் 8 அன்று நார்வேயின் பார்ட்நேர் நிறுவனத்தின் கான்வேர் 580 விமானம் டென்மார்க் அருகே கடலில் விழுந்து 55 பேர் இறந்த விபத்தில், செங்குத்து வாலைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தரம் குறைந்தவை என்று கண்டுபிடித்தார்கள். 2023இல் லண்டனைச் சேர்ந்த ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் என்ற நிறுவனம் போலிச் சான்றிதழ்களோடு இன்ஜின் பாகங்களை விற்றது வெளியானபோது, பல நாடுகளில் விமானங்களை நிறுத்தி அந்தப் பாகங்களைத் தேட வேண்டியதாயிற்று. தாள் இல்லாத பாகம் எங்களுக்குப் பாகமே இல்லை.

ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எல்லாப் பட்டறைக்கும் பொது. 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சஸில் ஒரு எம்ப்ரேயர் 120 விமானம் வானிலேயே பிளந்து 14 பேர் இறந்தார்கள். வால் இறக்கையின் முன்விளிம்பில் பனி உதிர்க்கும் ரப்பர் உறையை மாற்ற, மாலை ஷிஃப்ட்டில் இரண்டு பக்கமும் மேல்புறத் திருகாணிகளைக் கழற்றினார்கள். இரவு ஷிஃப்ட் வலது பக்கத்தை முடித்து மாட்டியது. இடது பக்கத்தில் 47 திருகாணிகள் கழற்றப்பட்டது வேலைத் தாளில் ஏறவில்லை. அடிப்புறத் திருகாணிகள் இருந்ததால் கீழிருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. அந்த வால் உயரத்தில் இருப்பதால் மேல்புறம் தரையிலிருந்து தெரியாது. எனவே ஒழுங்கான ஹேங்கரில், அதாவது விமானப் பட்டறையில், நடைமுறை இது: கழற்றுகிறவர் கழற்றும்போதே எழுத வேண்டும், முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதக் கூடாது. கழற்றிய திருகாணிகள் பெயர்ச் சீட்டுக் கட்டிய பையில், கழற்றிய இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர் வருகிறவரை விமானத்தடிக்கே அழைத்துச் சென்று காட்ட வேண்டும். பையில் மிச்சம் இருந்தால் வேலை முடியவில்லை.

ஒரே கை, ஒரே தவறு என்றேன் அல்லவா? 1983 மே 5, மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசாவ் நகருக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் மூன்று இன்ஜின் விமானத்தில், மூன்றிலும் எண்ணெய் வடிந்து இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று காட்டும் காந்த அடைப்பான்களை அன்று அதிகாலை மாற்றியிருந்தார்கள். வழக்கமாக ஓ-ரிங் என்னும் கசிவு தடுக்கும் வளையம் போட்டே கைக்கு வரும் பொருள், அன்று ஓ-ரிங் இல்லாமல் வந்தது. மூன்றிலும் அப்படியே மாட்டிவிட்டார்கள். கசிவு பார்க்க இன்ஜினைச் சுழற்றிய நேரமும் போதவில்லை. முதலில் நிறுத்திய நடு இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து 172 பேரையும் பத்திரமாக இறக்கினார்கள். இப்போது நீண்ட கடல் வழி விமானங்களில் இரண்டு இன்ஜின்களிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் இன்னொருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஸ்டீரிங் போன்ற கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தொட்டாலும் அப்படித்தான்: ஒருவர் பூட்டுவார், டார்க் ரென்ச்சால் முறுக்குவார், லாக் வயர் போடுவார், வேலையில் கை வைக்காத மற்றொருவர் வந்து முதலிலிருந்து பார்ப்பார்.

தினசரிப் பார்வையை வேகமாகச் சொல்லிவிடலாம். இன்ஜினை நிறுத்திய சிறிது நேரத்துக்குள் அதன் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். ஆறிவிட்டால் அளவு தவறாகக் காட்டும். பார்க்கிங் பிரேக் போட்ட நிலையில், பிரேக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் உள்ளே அமிழ்ந்துவிட்டால் பிரேக் மாற்ற வேண்டும். ஏ320 போன்ற விமானத்தின் டயரில் சுமார் 200 பி.எஸ்.ஐ. அழுத்தம், அதுவும் நைட்ரஜன். 1986இல் மெக்சிகோவில் பிரேக் சூடேறி, சாதாரணக் காற்று அடித்த டயர் வானில் வெடித்து 167 பேர் இறந்த பிறகு இது கட்டாயமானது.

துரு பற்றிக் கொஞ்சம் நிதானிக்கிறேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் கேட்டும் ஜன்னல் கம்பியும் என்ன பாடுபடுகின்றன என்று நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். விமானத்தின் அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. பெயின்ட் கொப்பளிக்கும், குத்தினால் வெள்ளைப் பொடி உதிரும், தகடு அடுக்கடுக்காக உரியும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்கு வானில் பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் தூக்கி எறியப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானம் தரையிறங்கியது. அது 89,680 முறை பறந்திருந்தது. ஒவ்வொரு பறப்பிலும் உடல் ஒருமுறை உப்பிச் சுருங்கும். எனவே மணிக் கணக்கைவிட அங்கே ஏறி இறங்கிய கணக்குதான் முக்கியம். உப்பு ஈரம் தகடுகளை ஒட்டிய பசையைக் கெடுத்தது. பாரம் முழுவதும் ரிவெட்டுகளுக்குப் போனது. ரிவெட் துளை ஓரங்களில் வரிசையாகச் சிறு விரிசல்கள் பிறந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. அதற்குப் பிறகுதான் வயதான விமானங்களுக்கென்று தனிப் பரிசோதனைத் திட்டங்கள் உலகம் முழுவதும் வந்தன. இப்போது பெரிய பராமரிப்பில் இருக்கைகளையும் தரைப் பலகைகளையும் கழற்றி, கழிவறைக்கும் சமையல் மேடைக்கும் அடியிலுள்ள விட்டங்களைப் பார்ப்பார்கள். ஈரம் தேங்குவது அங்கேதான். வடிகால் துளைகளைக் குத்திவிட்டு, துருத் தடுப்பு எண்ணெய் அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு எடி கரண்ட், அல்ட்ராசோனிக் சோதனைகள் உண்டு.

அலோஹா விமானத்தில் ஏறும்போது கதவுக்குப் பக்கத்தில் விரிசலை ஒரு பயணி பார்த்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் மெக்கானிக், உங்கள் கண்ணுக்கு மற்றவர்களுக்குத் தெரியாதது தெரியும். இறக்கையில் பேனல் தூக்கிக்கொண்டிருந்தாலோ, எண்ணெயோ எரிபொருளோ ஒழுகினாலோ, எரிந்த வாடை வந்தாலோ தயங்காமல் பணிப்பெண்ணிடம் இருக்கை எண்ணோடு சொல்லுங்கள், விமானியிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். தாமதமானால் டி.ஜி.சி.ஏ. விதிப்படி இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு இரண்டு மணிக்கு மேல் காக்க வைத்தால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். வயதான அம்மாவோடு போகும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். காரணத்தையும் கேளுங்கள். ஆனால் ‘சீக்கிரம் எடு’ என்று மட்டும் கூட்டத்தோடு சேர்ந்து கத்தாதீர்கள் ஐயா. அந்தச் சத்தம் கையெழுத்துப் போடுகிறவரின் காதில் விழும்.

மகளை அனுப்புங்கள். பட்டறை வீட்டுப் பிள்ளைக்கு மரை நழுவுவது கையிலேயே தெரியும், அது பெரிய முதல். ஆனால் இதில் பாதி வேலை படிப்பதும் எழுதுவதும்தான். நூறு முறை செய்த வேலைக்கும் நூற்றோராவது முறை கையேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளும் பொறுமை அவளுக்கு வேண்டும். ‘இதை நான் விடுவிக்க மாட்டேன்’ என்று மூத்தவர்களிடம் சொல்லும் துணிவும் வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். பி1 என்பது உடற்பகுதி, இன்ஜின் சார்ந்த உரிமம். பி2 என்பது மின்னணு, வழிகாட்டிக் கருவிகள் சார்ந்தது. இவளுக்கு எதில் கை போகிறது என்று முதலில் பாருங்கள். படிப்பு முடிந்த கையோடு கையெழுத்து உரிமை வராது. டி.ஜி.சி.ஏ. நடத்தும் பாடவாரித் தேர்வுகளில் ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிலையத்தில் அனுபவம் சேர வேண்டும், பிறகு குறிப்பிட்ட விமான ரகத்துக்கான தகுதி வேண்டும். சில வருடம் சம்பளம் குறைவாகவே இருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம். அந்த நிறுவனத்துக்கு டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர்.-147 என்னும் பராமரிப்புப் பயிற்சி நிறுவன அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை என்று டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் நீங்களே பாருங்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம். செய்முறைப் பயிற்சி எந்தப் பராமரிப்பு நிலையத்தில், எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். கடைசியாக, அங்கே மூன்றாம் வருடத்தில் இருக்கும் இரண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசி, இதுவரை எத்தனை பாடத்தேர்வு முடித்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.